இன்ட்டு போட்ட நாட்கள்

என் வயித்தைப் பாக்காதீங்க அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல. உள்ள கிடக்கது என் வீட்டுக்காரி.

இல்ல, பாத்தீங்க. நான் தப்பாச் சொல்லல. இந்தப் பெஞ்சுல வந்து உக்காருத அத்தன பேரும் அதைத்தான் பாக்காவ. கதவுல லிவர்னு எழுதிப் போட்டிருக்கு. பக்கத்துல கண்ணு செவந்து, நாலு நாள் தாடியோட ஒருத்தன் உக்காந்திருக்கான். சரி, இவன்தான்னு முடிவு பண்ணிருதாவ. மொத தடவ வந்தப்போ, பேரு பதியுத பிள்ள என் கையைப் பிடிச்சு அந்தப் பிளாஸ்டிக் பட்டையை மாட்டவே போயிட்டா. "நான் இல்லம்மா, அவ"ன்னேன். அந்தப் பிள்ள அவளை ஒரு பார்வை பாத்துச்சு, என்னை ஒரு பார்வை பாத்துச்சு. உலகம்மா சும்மா இருக்கணும்லா? "ஆமாம்மா, குடிச்சது அவரு, வந்தது எனக்கு"ன்னுட்டா. அத்தன பேருக்கும் முன்னால. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க.

குடிச்சேன். இல்லைங்கல. விட்டு ஒம்பது வருஷம் ஆச்சு. அவ ஒரு சொட்டு தொட்டவ இல்ல. சுகர் இருந்துச்சு, கொழுப்பு இருந்துச்சு, அது அப்படியே ஈரல்ல போய்ப் படிஞ்சு ஈரல் சுருங்கிப் போச்சுன்னு டாக்டர் சொல்லுதாவ. குடிக்காதவங்களுக்கும் வருமாம். எங்க தெருவுல ஒருத்தனுக்காவது அது மண்டையில ஏறுமா? "டீச்சருக்கா? டீச்சருக்கா?"ன்னு கேட்டுட்டு என்னைத்தான் முறைக்கான். ஏதோ நான் குடிச்ச சரக்கு அவ வயித்துல போய் இறங்கின மாதிரி.

உங்களுக்கு யாரு உள்ள? தம்பியா? என்ன வயசு? அடப்பாவமே. கண்ணு மஞ்சளா இருக்கா? வயித்துல தண்ணி? இன்னைக்குத்தான் சேத்தீங்களா, அதான் முகம் இப்படி இருக்கு. நான் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. பதினாலு மாசம் பாத்தவன் சொல்லுதேன். நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாவ. இன்னும் முக்கா மணி நேரம் கிடக்கு.

முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. நாப்பது பக்கம் காணாது, நூறு பக்கம். இந்தா, இந்த மாதிரி. இது மூணாவது நோட்டு.

ஈரல் வேலை பாக்கலன்னா கழிவெல்லாம் ரத்தத்துல தங்கிரும். தங்கினா மூளைக்கு ஏறும். ஏறினா ஆளு குழம்பிரும். பகல்ல தூங்கும், கிழமை தெரியாது, பேச்சு மாறும், சுபாவமே மாறும். அதுக்குத்தான் அந்தச் சிரப்பு குடுப்பாவ, பாகு மாதிரி இனிக்கும். குடிச்சா வயித்தால போவும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, மூணு தடவ போயே ஆகணும். போனா மூளை தெளிவா இருக்கும், போகலன்னா குழம்பும். அம்புட்டுதான் விஷயம்.

எங்க டாக்டர் எனக்கு மூணு சோதனை சொல்லிக்குடுத்தாவ. தினமும் காலையில கிழமை கேக்கணும். ஒரு கையெழுத்து வாங்கணும். கையெழுத்து கோணிக்கிட்டுப் போனா மூளைக்கு ஏற ஆரம்பிச்சிட்டுன்னு அர்த்தம். அப்புறம் ரெண்டு கையையும் முன்னால நீட்டச் சொல்லணும். எப்படின்னா, பஸ்ஸ நிப்பாட்டுவோம்லா, அப்படி. மணிக்கட்டு படபடன்னு அடிக்கக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பஸ்ஸ நிப்பாட்டுதது நம்ம தொழிலாச்சே!

நான் கவர்மென்ட் பஸ்ல செக்கர், அண்ணாச்சி. ரிட்டையர் ஆயிட்டேன். முப்பத்தொரு வருஷம். வண்டியில ஏறி ஒரு சுத்து பாத்தா போதும், எவன் டிக்கெட் எடுக்கலன்னு முகத்தை வச்சே சொல்லிருவேன். தூங்குத மாதிரி நடிக்கவன், ஜன்னல் வழியா வெளிய பாக்கவன், சின்னப் பிள்ளய மடியில மறைக்கவ, எல்லாம் தெரியும். என்னை ஏமாத்தின ஆளு கிடையாது. ஆவுடையப்பன் ஏறுதான்னா கண்டக்டருக்கே வேர்க்கும்.

அதனால நோட்டை நான் முறையாப் போட்டேன். தேதி, கிழமை, கையெழுத்து, எத்தன தடவ போனா. கடைசிக் கட்டத்துல, தெளிவா இருந்தா ரைட்டு, குழம்பி இருந்தா இன்ட்டு. இன்ட்டு விழுந்தா சிரப்பு ரெண்டு மூடி கூட.

இந்தப் பக்கத்தைப் பாருங்க. இன்ட்டு. "இன்னைக்கு என்ன கிழமை?"ன்னு கேக்கேன். "வெள்ளி"ங்கா. சரி. கையெழுத்தும் போட்டா, ஆ. உலகம்மாள்னு முத்து முத்தா. அப்புறம், "நான் யாரு?"ங்கேன். அது டாக்டர் சொல்லாதது, நானாச் சேத்துக்கிட்டது. "நீரா? செக்கரு. டிக்கெட் இல்லாம என்னை எங்கயும் போக விடாதவரு"ங்கா. இன்ட்டு போட்டேன். பின்ன என்ன செய்ய? புருஷன் பேரைக் கேட்டா இப்படியா பதில் சொல்லுவாவ?

இன்னொரு நாள். இந்தா, இந்தப் பக்கம். கையை நீட்டுன்னு சொல்லுதேன். நீட்டுதா. ஒரு ஆட்டம் இல்ல, கல்லு மாதிரி நிக்கி. அப்படியே கையைத் திருப்பி, உள்ளங்கையை என் மூக்குக்கு நேரா காட்டுதா. "இந்தாரும். காலையில ஏழே கால் வண்டி, சாயங்காலம் நாலே முக்கால் வண்டி. ரெண்டு டிக்கெட்டும் இருக்கு, சரிபாத்துக்கிடும்"ங்கா. வெறுங்கை அண்ணாச்சி! கையில ஒண்ணும் இல்ல. முத்திப் போச்சுன்னு பயந்துட்டேன். சிரப்பு மூணு மூடி கூட ஊத்தினேன். அன்னைக்கு ஏழு தடவ போனா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்து, "இப்போ தெளிஞ்சிட்டா?"ன்னா. தெளிஞ்சிருக்கும் உனக்குன்னேன். "எனக்கு இல்ல, உமக்கு"ன்னா.

அது என்ன டிக்கெட்டா? அது ஒண்ணும் இல்ல. பழைய கதை.

அவ ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாத்தா. போக ஒரு பஸ், வர ஒரு பஸ். டிக்கெட்டைப் பாத்தா எந்த வண்டி, எந்த இடத்துல ஏறினா எல்லாம் எனக்குத் தெரிஞ்சிரும். சாயங்காலம் அவ பையில இருந்து எடுத்துப் பாப்பேன். சும்மா பாப்பேன். தொழில் பழக்கம், வேற என்ன? பிறகு அவளே எடுத்து மேசையில வைக்க ஆரம்பிச்சிட்டா. நான் கேட்டு வாங்கல, அவளே வச்சா. ஒரு பத்தொம்பது வருஷம் இருக்கும்.

ஒரு நாள் டிக்கெட் இல்ல. வண்டி பிரேக்டவுன், ஹெட்மாஸ்டர் அவர் சம்சாரத்தோட கார்ல வந்தாவ, ஏத்திக்கிட்டு வந்து விட்டாவன்னு சொன்னா. எனக்குக் கொஞ்சம் உள்ள போயிருந்துச்சு. மறுநாள் காலையிலயும் இறங்கல. நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன். பிரேயர் நடக்கு. பிள்ளைக வரிசையா நிக்கி. அவ முன்னால நிக்கா. நான் போய்க் கையை நீட்டி, "டிக்கெட் எங்கே?"ன்னு கேட்டேன்.

அம்புட்டுதான். அடிச்சேனா? இல்ல. கெட்ட வார்த்தை சொன்னேனா? இல்ல. டிக்கெட் எங்கேன்னுதான் கேட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை அத்தான்னு கூப்பிடுவா. அன்னைக்கோட அது நின்னு போச்சு. இருவத்தாறு வருஷம் ஆச்சு. இப்போ "இந்தாரும்", "கேட்டீரா", அவ்வளவுதான்.

விடுங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, நீங்க உங்களையும் கொஞ்சம் பாத்துக்கிடணும். யாரும் உங்களைக் கேக்க மாட்டாவ. என் மக செண்பகா மஸ்கட்ல இருக்கா. தினமும் போன் வரும். "அம்மா எப்படி இருக்கா, அம்மா சாப்ட்டாளா, அம்மா எத்தன தடவ போனா?" அப்பா நீ எப்படி இருக்கன்னு ஒரு நாள் கேக்கணுமே! நான் அதைக் குறையாச் சொல்லல. உண்மையைச் சொல்லுதேன்.

அவளுக்கு உப்பு ஆகாது. தனித்தனியா ரெண்டு சமையல் பொங்க எனக்குத் தெம்பு கிடையாது, அதனால நானும் அதையே திங்கேன். ஒரு நாள் உப்புக்கடலை வாங்கி, குளிக்க ரூம்புல கதவைச் சாத்திக்கிட்டு நின்னுக்கிட்டே தின்னேன். அழுகை வந்துட்டு, அண்ணாச்சி. கடலை தின்னுட்டு அழுத மனுசன் நானாத்தான் இருப்பேன். கோவம் வரும், யார் மேலன்னு தெரியாது. பாத்திரத்தை டங்குன்னு வைப்பேன். ஒரு தடவ அவ துணியை அலசிக்கிட்டே, எப்பதான் முடியுமோ இதுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். அவ காதுல விழுந்துட்டு. "முடியும் முடியும், வெசனப்படாதீரும்"னா.

அன்னைக்கும் இன்ட்டுதான் போட்டேன்.

இப்போ போன வியாழக்கிழமைக்கு வாரேன். அதுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். காலையில எழுந்திரிச்சு கட்டில்ல உக்காந்திருக்கா. முகமெல்லாம் சிரிப்பு. "அத்தான், காப்பி தாங்க"ங்கா.

அத்தானாம். இருவத்தாறு வருஷம் கழிச்சு. காப்பி கொண்டு போய்க் குடுத்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "எனக்காக எவ்வளவு கஷ்டப்படுதீங்க"ங்கா. பிச்சிப்பூ வாங்கித் தாங்கன்னா. நான் ஓடினேன். இந்த வயசான காலத்துல நான் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடினதை நீங்க பாத்திருக்கணும்.

வந்து சோதனை வச்சேன். வைக்காம இல்ல. "என்ன கிழமை?"ன்னு கேட்டா, "உங்களுக்கு என்ன கிழமை வேணும் அத்தான்?"னு சிரிக்கா. விளையாடுதான்னு நினைச்சேன். கையெழுத்து போட்டா. இந்தா, இதுதான். பாருங்க. சு. உலகம்மாள். சுப்பையா, அவ அப்பா. கல்யாணத்துக்கு முந்தின கையெழுத்து. எழுத்தும் கொஞ்சம் மேல ஏறித்தான் இருக்கு. நான் பாத்தேன் அண்ணாச்சி. பாக்கலன்னு சொல்ல மாட்டேன். முப்பத்தொரு வருஷம் ஒரு புள்ளி மாறின டிக்கெட்டைக் கண்டுபிடிச்ச கண்ணு இது. பாத்துட்டு, ரைட்டு போட்டேன். கையை நீட்டச் சொல்லவே இல்ல. அந்தக் கையை நான் பிடிச்சிருந்தேன்.

சிரப்பை எடுத்தா, "இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம் அத்தான், குமட்டுது"ன்னா. இவ்வளவு தெளிவா இருக்காளே, ஒரு நாள்தானேன்னு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமையும் விட்டேன். நோட்டை எடுக்கவே இல்ல.

இன்னொன்னு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல. சிரப்பு குடுக்கலன்னா எழுப்பிக் கூட்டிட்டுப் போற வேலை கிடையாது, துணி அலச வேண்டாம். அந்த ரெண்டு நாளும் நான் நல்லாத் தூங்கினேன். பதினாலு மாசத்துல அப்படித் தூங்கினது கிடையாது. அவ அத்தான்னு சொன்னதுக்காக விட்டேனா, தூக்கத்துக்காக விட்டேனான்னு இந்தப் பெஞ்சுல உக்காந்து நாலு நாளா யோசிக்கேன். ரெண்டும்தான்னு தோணுது.

சனிக்கிழமை காலையில உலுப்புதேன், உலுப்புதேன், எழுந்திரிக்கல. தலை தொங்குது. ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்டுக் கொண்டு வந்தோம். எத்தன தடவ போனாவன்னு டாக்டர் கேட்டாவ. நோட்டைக் கொண்டு வந்திருந்தேன், குடுக்கல. மடிக்குள்ள வச்சுக்கிட்டேன்.

இந்தா, உலகம்மாள் அட்டெண்டர்னு கூப்பிடுதாவ. என்னைத்தான். நேத்தே கண்ணு முழிச்சிட்டா, இன்னைக்குத்தான் பேச விடுவோம்னாவ. இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க.

...

வந்துட்டேன். இல்ல, தண்ணி வேண்டாம்.

பேசுதா. உக்கார வச்சிருக்காவ. அங்க இருக்கது சின்ன டாக்டர், ட்யூட்டி பாக்கவரு, ஓடிக்கிட்டே இருக்காரு. "உங்க பேரு என்னம்மா?"ன்னாரு. சரியாச் சொன்னா. என்னைக் காட்டி, "இவரு யாரு?"ன்னாரு. என்னை ஏற இறங்கப் பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா. "எங்க அத்தான். அத்தான், சாப்ட்டீங்களா?"ன்னா.

நர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். டாக்டரும் என் தோள்ல தட்டி, "ஆளைத் தெரியுது, நல்லா பேசுறாங்க. நாளைக்கு வார்டுக்கு மாத்திரலாம், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போகலாம்"னுட்டாரு. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

அவ இன்னும் தெளியல, அண்ணாச்சி.

எப்படித் தெரியும்னா, எனக்குத் தெரியும். என் உலகம்மா கண்ணு முழிச்சு என்னைப் பாத்தா சாப்ட்டீங்களான்னு கேக்க மாட்டா. ரெண்டு நாள் மருந்தை விட்டவனை அவ சும்மா விடுவாளா? ஆனா நான் பேசாம இருந்தா என்ன? ரெண்டு நாள்ல வீடு. அத்தான் அத்தான்னுக்கிட்டு இருப்பா. பிச்சிப்பூ வாங்கிட்டுப் போவேன். மன்னிச்சிட்டான்னு ஊர்ல சொல்லிக்கிடலாம். பிறகு ஒரு சனிக்கிழமை மறுபடியும் தலை தொங்கும்.

என்ன சொல்லுதீங்க? டாக்டருக்குத் தெரியாதாவா? அவருக்கு எப்படித் தெரியும்? அவரு உலகம்மாவை எப்போ பாத்தாரு? பதினாலு மாசமா தினமும் காலையில எதிர்ல உக்காந்தது நான்லா.

சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லணும். அதுதான். ஏன் அத்தான்னு கூப்பிட மாட்டாவன்னு கேப்பாரு. அங்க நாலு நர்ஸ் நிக்கி.

நோட்டை எடுங்க. அந்தப் பைக்குள்ளதான் வச்சேன். ஆமா, குடுங்க.

...

சொல்லிட்டேன்.

கதவுல நிக்க ஆளு விடல. உம்ம நேரம் முடிஞ்சிட்டுன்னான். நான் செக்கர் மாதிரி கையைக் காட்டித் தள்ளிட்டுப் போயிட்டேன். டாக்டர்கிட்ட, "அவ என்னை அத்தான்னு கூப்பிட மாட்டா சார்"ன்னேன். அவரு சிரிக்காரு. "உடம்பு முடியாம இருக்கும்போது பாசம் வர்றது சகஜம்தானே"ங்காரு. அந்த வார்த்தை இருக்கே, அதைத்தான் வியாழக்கிழமை நான் எனக்கே சொல்லிக்கிட்டேன். "இல்ல சார், நான் அவளைப் பிரேயர்ல வச்சு டிக்கெட் கேட்டவன். பத்தொம்பது வருஷம் அவ பையைச் சோதிச்சவன்"னேன். நர்ஸ் ஒண்ணு கையில இருந்த ஊசியை அப்படியே வச்சிட்டு என்னைப் பாத்துச்சு. பக்கத்துக் கட்டில் ஆளும் பாத்தான். "ரெண்டு நாள் சிரப்பு குடுக்கல சார், எனக்குத் தூக்கம் வேண்டியிருந்துச்சு"ன்னேன். நோட்டை விரிச்சு அந்தக் கையெழுத்தைக் காட்டினேன்.

அவரு கட்டில்கிட்டப் போயி, "அம்மா, ரெண்டு கையையும் நீட்டுங்க"ன்னாரு. நீட்டினா. ரெண்டு மணிக்கட்டும் படபடன்னு அடிச்சுக்கிட்டு விழுது. கிழமை கேட்டாரு. "அத்தானைக் கேளுங்க"ன்னா.

வார்டு கிடையாது, இங்கயே இருக்கட்டும், மருந்தைக் கூட்டுதோம்னுட்டாரு. ஏச்சு விழும்னு நினைச்சேன். ஏசல. "நல்லவேளை சொன்னீங்க"ன்னாரு. பிறகு, "நீங்க தூங்கி எத்தன நாளாச்சு? உங்க மகளைக் கொஞ்ச நாள் வரச் சொல்லுங்க, தனியாப் பாக்காதீங்க"ன்னாரு. அப்புறம் கேட்டாரு, "சரி, தெளிஞ்சா உங்ககிட்ட எப்படிப் பேசுவாங்க?"

"ஏசுவா சார்"னேன்.

அந்த நர்ஸ் பிள்ள அதை அப்படியே சீட்டுல எழுதிக்கிட்டா. எழுதட்டும். எழுதினாத்தான் அடுத்த ட்யூட்டிக்கு வாரவங்களுக்குத் தெரியும்.

நான் இங்கதான் இருப்பேன். செண்பகாவுக்குப் போன் போடணும், அவகிட்டயும் இதெல்லாம் சொல்லணும். நீங்க போங்க, உங்க தம்பி பேரைக் கூப்பிடுதாவ பாருங்க. போறதுக்கு முன்னால, உங்க சட்டைப் பையில இருக்க பேனாவைக் குடுத்துட்டுப் போறீங்களா? இதுல இருவத்தி மூணு இன்ட்டு இருக்கு. என்னை ஏசின அந்த நாளெல்லாம் அவ தெளிவாத்தான் இருந்திருக்கா. ஒண்ணு விடாம ரைட்டாக்கணும். இந்த வியாழக்கிழமை ரைட்டை அடிச்சிட்டு இன்ட்டு போடணும். அவ டீச்சருல்லா, தெளிஞ்ச உடனே மொதல்ல நோட்டைக் கொண்டாரும்னுதான் கேப்பா.

செவப்பு மையா? நல்லதாப் போச்சு. அவளுக்கு அதுதான் பழக்கம்.